மதுவமும் மனித மதியும்

எங்கள் வீடுகளில் அப்பஞ் சுடுவதென்றால் முதல்நாள் மாலையே மாக் கரைத்து வைத்துவிடுவார்கள். இடித்த அரிசிமாவிலே அளவாகக் கள்ளை விட்டுக் குழைத்துப் பானையிலிட்டு மூடி, அடுக்களை மூலையில் வைத்துவிட்டால், விடியற்காலையில் மா பொங்கி மேலெழுந்து நிற்கும். கரண்டியாற் தொட்டாற் குமிழிகள் உடையும். மெல்லிய புளிப்பு மணம் எழும். இரவு முழுவதும் அதனைக் கிண்டியவர் எவருமில்லை. அதன்கீழ்த் தீ மூட்டியவரும் இல்லை. சிறுவனாயிருந்தபோது இதன் காரணத்தை அம்மம்மாவிடம் கேட்டேன். "கள்ளிலே ஒரு சத்து இருக்குது மோனை, அதுதான் மாவைப் பொங்க வைக்குது" என்றார்.

மதுவை வெறுக்கும் பெரியோர் எம்மிடையே பலர் உளர். கள்ளைக்கொண்டு கட்டுரையைத் தொடங்கியதற்கு அவர்கள் என்னைப் பொறுத்தருள்வார்களாக. அம்மம்மா கூறிய அந்த "ஒரு சத்து" யாது என்ற வினாவையே ஐரோப்பாவின் தலைசிறந்த இரசாயன அறிஞர்கள் நூறு ஆண்டுகளாகத் துருவித் துருவி ஆராய்ந்தனர். 1837ஆம் ஆண்டளவில் எழுந்த அவ்வினாவுக்கு 1937ஆம் ஆண்டிலேதான் கையில் எடுத்துக் காட்டத்தக்க ஒரு விடை கிடைத்தது. அந்த நூறு ஆண்டுகளின் கதையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயிரா, சடமா?

கள்ளிலும் திராட்சை இரசத்திலும் பாண்மாவிலும் வாழும் ஒருகல உயிரொன்று உண்டு. எமது விஞ்ஞான நூல்கள் அதனை மதுவம் என்று வழங்குகின்றன. ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்குக்கும் குறைந்த பருமனுடையது. கண்ணுக்குத் தனித்துத் தோன்றாதது. அது சீனியை உண்டு, அற்ககோலையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகின்றது. மாவைப் பொங்கச் செய்வது அவ்வாயுவேயாகும்.

இன்று பள்ளி மாணவனும் அறிந்த இவ்வுண்மை ஒரு காலத்திற் பெரும் பூசலை விளைத்தது. 1837ஐ அண்டிய ஆண்டுகளில் பிரான்சிலே கானியார்-லத்தூர் என்பவரும், ஜேர்மனியிலே தியோடர் ஸ்வான், குட்சிங் என்னும் இருவரும், ஒருவரை ஒருவர் சாராது, நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு மதுவம் அரும்பிப் பெருகுவதைக் கண்டு, அது உயிருள்ளதே என அறிவித்தனர். ஸ்வான் அதனைச் "சீனிக் காளான்" என்று அழைத்தார். அதன் விஞ்ஞானப் பெயராகிய சக்கரோமைசிசு என்பதும் அப்பொருளையே தருகின்றது. அப்பெயரின் முற்பகுதியும் எமது வழக்கிலுள்ள சர்க்கரை என்னுஞ் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பது இன்புறத்தக்கது.

ஆனால் அக்காலத்து இரசாயன உலகின் முடிசூடா மன்னராக விளங்கிய லீபிக் இதனை ஏற்கவில்லை. நொதித்தல் என்பது வெறும் இரசாயனச் சிதைவே. அதில் உயிருக்கு வேலையில்லை என்பது அவர் கொள்கை. அவரும் அவர் நண்பர் வோலரும் 1839இல் தாம் நடத்திய சஞ்சிகையிலே பெயரிடாது ஒரு நையாண்டிக் கட்டுரையை வெளியிட்டனர். நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் மதுவம் வாலைப் பாண்டம் போன்ற வடிவுடைய சிறு பிராணியாகத் தெரிகின்றதென்றும், ஒரு துவாரத்தாற் சீனியை விழுங்கி வேறு துவாரங்களால் அற்ககோலையும் வாயுவையும் கழிக்கின்றதென்றும் எழுதி நகைத்தனர். கேலி செய்யப்பட்ட கருத்தே உண்மைக்கு அண்மையில் நின்றது என்பதைக் காலம் பின்னர் காட்டிற்று.

அடுத்து வந்தவர் லூயி பாஸ்ரர். 1857இலும் 1860இலும் அவர் வெளியிட்ட ஆய்வுகள், நொதித்தல் நிகழும் இடமெல்லாம் உயிருள்ள நுண்ணுயிர்கள் உள என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவின. ஆயினும், உயிருள்ள கலமின்றி நொதித்தல் இல்லை என்று அவர் வகுத்த முடிவு, உயிருக்குள்ளே இரசாயனவியலாளன் புகமுடியாத ஓர் அறை உண்டு என்ற எண்ணத்தையும் பலரிடம் ஊன்றிவிட்டது.

இதற்கு மாறான குறிகளும் இருந்தன. 1833இலே பேயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு அறிஞர் முளைவிட்ட பார்லியிலிருந்து மாப்பொருளைச் சீனியாக்கும் சத்தொன்றைப் பிரித்தெடுத்திருந்தனர். 1860இலே பெர்தலோ, மதுவத்தை நீரில் ஊறவைத்துக் கரும்புச் சீனியை இருகூறாக்கும் பொருளொன்றைப் பெற்றார். இத்தகைய பொருள்களுக்கு 1870களின் பிற்பகுதியிற் கூனே என்னும் ஜேர்மனியர் "என்சைம்" என்று பெயரிட்டார். "மதுவத்துள் இருப்பது" என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். நாம் நொதியம் என்கிறோம். எனினும் நொதித்தலாகிய பெருந்தொழிலைச் செய்யும் நொதியத்தை மாத்திரம் எவராலும் கலத்துக்கு வெளியே கொண்டுவர முடியவில்லை. மொறிற்ஸ் திறவுபே என்பார் 1858இலேயே அத்தகைய பொருள் உள்ளே இருத்தல் வேண்டுமென்று வாதித்தார். ஆனால் வாதம் சான்றாகாது அன்றோ?

மணலும் மதுவமும்

அச்சான்று வந்த விதம் விந்தையானது. மியூனிக் நகரிலே எடுவாட் புக்னர் என்னும் இளம் இரசாயனவியலாளர், மதுவக் கலங்களை உடைத்து உள்ளிருக்கும் சாற்றை எடுக்க 1893இல் முயன்றார். "இதனாற் பயனொன்றும் விளையாது" என்று கருதிய ஆய்வுகூடத்து மேலோர் அம்முயற்சிக்கு ஊக்கமளிக்கவில்லை. வேலை மூன்று ஆண்டுகள் கிடப்பிற் கிடந்தது. 1896இன் விடுமுறையில், பற்றீரியா ஆராய்ச்சியாளராகிய தம் தமையன் ஹான்ஸ் புக்னரின் நிலையத்தில் அவர் அதனை மீண்டும் தொடங்கினார். மருந்துக்கு உதவும் சாறொன்றைப் பெறுவதே அப்போதைய நோக்கம். நொதித்தலைப் பற்றிய எண்ணம் முதலில் இருக்கவில்லை.

அவர் கையாண்ட முறை எமது அம்மிக்கல் வேலையை ஒத்தது. 1000 கிராம் மதுவத்தை அதேயளவு படிக மணலுடனும், ஈரத்தை உறிஞ்சும் கீசல்கூர் என்னும் நுண்மண் 250 கிராமுடனும் சேர்த்து, கலவை ஈரமாகிக் குழையும்வரை அரைத்தார். பின்னர் 100 கிராம் நீர் சேர்த்துத் துணியிற் சுற்றி, 400 முதல் 500 வளிமண்டலம் வரையுள்ள அமுக்கத்திலே பிழிந்தார். எஞ்சிய சக்கையை மீண்டும் அரைத்து, நீர் சேர்த்துப் பிழிந்தார். மொத்தத்தில் 500 கன சதமமீற்றர் சாறு கிடைத்தது.

சாறு விரைவிற் கெட்டுப்போயிற்று. பழங்களைச் சீனிப்பாகிலிட்டுப் பாதுகாப்பதுபோல இதனையும் காக்கலாமென்று கருதிச் சாற்றிலே சீனியை மிகுதியாகக் கலந்தனர். கலந்த சிறிது நேரத்திற் குமிழிகள் எழத் தொடங்கின! கெடாமற் காக்கவிட்ட சீனியைச் சாறு நொதிக்கச் செய்துகொண்டிருந்தது. வேறொருவர் இதனைத் தொல்லையெனக் கருதிச் சாற்றைக் கொட்டியிருப்பார். புக்னர் கொட்டவில்லை. உயிருள்ள கலம் எதுவும் தப்பியிருக்குமோ என ஐயுற்று, நுண்ணுயிர் புகாத வடிகளினூடே சாற்றை வடித்தார். உயிர்க்கலங்களைச் செயலிழக்கச் செய்யும் குளோரோபோமைச் சேர்த்தார். அப்போதும் குமிழிகள் எழுந்தன. "மதுவக் கலங்களின்றி அற்ககோல் நொதித்தல்" என்னுந் தலைப்பில் அவர் 1897 சனவரியில் அனுப்பிய சில பக்கக் கட்டுரை, அறுபது ஆண்டுப் பூசலை முடித்துவைத்தது. சாற்றிலுள்ள அப்பொருளுக்குச் சைமேசு என்று அவர் பெயரிட்டார். 1907இல் நோபல் பரிசு அவரைச் சேர்ந்தது. பத்து ஆண்டுகளின் பின், முதலாம் உலகப்போரில் உருமேனியப் போர்முனையிலே காயமுற்று, 1917 ஓகத்தில் உயிர் நீத்தார்.

பாஸ்ரருக்கும் லீபிக்குக்கும் இருவருக்குமே பாதி உண்மை சொந்தம் என்பது இதனாற் புலனாயிற்று. நொதிக்கச் செய்யும் பொருளை ஆக்குவது உயிர். ஆனால் ஆக்கப்பட்டபின் அப்பொருள் உயிரைவிட்டுப் பிரிந்தும் தன் தொழிலைச் செய்யும்.

கொதித்த சாற்றின் மாயம்

சைமேசு என்பது ஒரு பொருளா, பலவா? இவ்வினாவை இலண்டனிலே லிஸ்ரர் நிலையத்தில் எடுத்துக்கொண்டவர்கள் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும். கொதிக்கவைத்த சாற்றில் நொதித்தற் சக்தி இல்லையென்பது தெரிந்ததே. வெப்பம் நொதியத்தை அழித்துவிடும். ஆனால் அந்தச் "செத்த" சாற்றைப் புதிய சாற்றோடு சேர்த்தபோது நொதித்தல் மிகப் பெருகிற்று. பயனற்றதென்று ஊற்றத்தக்க ஒன்றிலே ஏதோ இருந்தது.

அதில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று பொசுபேற்று. எமது வயல்களுக்கு இடும் உரத்திலுள்ள அதே பொசுபேற்றுத்தான் நொதித்தலிலும் சீனியோடு இணைந்து தொழிற்படுகின்றது. மற்றையதை அறிய அவர்கள் 1900களின் நடுப்பகுதியிலே ஓர் எளிய சோதனை செய்தனர். செலற்றின் பூசிய நுண்வடியினூடே சாற்றை அமுக்கத்தாற் செலுத்தினர். பெரிய மூலக்கூறுகள் மேலே தங்கின. சிறியவை கீழே சென்றன. மேலே தங்கியது தனித்துச் சீனியை நொதிக்கச் செய்யவில்லை. கீழே சென்றதும் தனித்து நொதிக்கச் செய்யவில்லை. இரண்டையும் மீண்டும் கலந்தபோது குமிழிகள் எழுந்தன. மேலே தங்கியது வெப்பத்தால் அழியும். கீழே சென்றது கொதிப்பையும் தாங்கும். அதற்குத் துணைநொதியம் என்று பெயர். இதனை மேலும் தூய்மையாக்கி ஆராய்ந்தவர் சுவீடனில் வாழ்ந்த ஒயிலர்-கெல்பின். ஹார்டனும் அவரும் 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

அளவுகோல் பிறந்தது

ஒரு பொருளைத் தூய்மையாக்குதல் என்றால் என்ன? பொன்னைப் புடமிடுவோன் உரைகல்லில் மாற்றுப் பார்ப்பதுபோல, நொதியத்துக்கும் ஓர் உரைகல் வேண்டும். அதன் செயலே அவ்வுரைகல். கலச்சாற்றிலே 1000 மில்லிகிராம் புரதம் இருக்கிறது, அதன் செயல் 1000 அலகு என வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிகிராமுக்கு ஒரு அலகு. வேண்டாத புரதங்களை நீக்கியபின் 100 மில்லிகிராமும் 800 அலகும் எஞ்சினால், ஒரு மில்லிகிராமுக்கு எட்டு அலகு. இருநூறு அலகு நட்டமெனினும் தூய்மை எட்டுமடங்கு உயர்ந்துள்ளது. இவ்வாறு படிப்படியாகச் சென்று, எம்முறையைக் கையாண்டும் அவ்வீதம் மேலும் உயராத நிலை வரின், பொருள் தூய்மையடைந்தது என்று கருத இடமுண்டு.

அச்செயலை அளப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பேர்க் மதுவடிசாலையின் ஆய்வுகூடம் இத்துறைக்குப் பெருந்தொண்டு செய்தது. அங்கே எமில் ஹான்சன் 1883இல் ஒரேயொரு கலத்திலிருந்து தூய மதுவ வளர்ப்பைப் பெற்றார். நொதியத்தைத் தூய்மையாக்குமுன் உயிரைத் தூய்மையாக்கிய படி அது. அங்கேயே சோறன்சன், நொதியங்கள் அமிலநிலைக்கேற்பச் செயல் மாறுவதை ஆராயும்போது, 1909இல் அமிலநிலையை எண்ணாற் குறிக்கும் பீஎச் அளவைத் திட்டத்தை வகுத்தார். இன்று தோட்டமண்ணையும் குடிநீரையும் அளக்கும் அவ்வளவுகோல் நொதிய ஆராய்ச்சியிலே பிறந்தது என்பதைப் பலர் அறியார்.

1913இல் பேர்லினிலே மைக்கேலிஸ் என்பவரும், கனடாவிலிருந்து வந்த மோட் மென்ரன் என்னும் பெண்மருத்துவரும் மதுவத்தின் நொதியமொன்றைக்கொண்டு வேறோர் உண்மையை நிறுவினர். துறையிலே மக்களை அக்கரை சேர்க்கும் "பாதை"யைப் பார்த்திருப்பீர்கள். பத்துப்பேர் நின்றாற் பத்துப்பேரை ஏற்றும். ஐம்பதுபேர் நின்றால் ஐம்பதுபேரை ஏற்றும். அது நிறைந்தபின் ஆயிரம்பேர் கரையில் நின்றாலும் வேகம் கூடாது. நொதியமும் அவ்வாறே. சீனியின் செறிவைக் கூட்டக் கூட்ட வேகமுங் கூடி, ஓர் எல்லையில் நின்றுவிடும். அவ்வெல்லையின் பாதிவேகத்தைத் தரும் செறிவு எதுவோ அதுவே ஒவ்வொரு நொதியத்துக்கும் உரிய அடையாள எண். இன்றும் புதிய நொதியமொன்றை விவரிப்போர் முதலிற் குறிப்பிடும் எண்களில் அது ஒன்று.

நொதியம் எப்பொருளால் ஆயது?

இவ்வளவு அறிந்தும், நொதியம் எத்தகைய பொருள் என்பதில் இணக்கம் ஏற்படவில்லை. இலைப்பச்சையத்தின் அமைப்பை ஆராய்ந்து 1915இல் நோபல் பரிசு பெற்ற றிச்சாட் வில்ஸ்ரற்றர், 1920களில் மதுவ நொதியத்தையும் வேறு சிலவற்றையும் மிகவுந் தூய்மையாக்கினார். அவருடைய கரைசல்களிற் செயல் இருந்தது. புரதம் உளதெனக் காட்டும் சோதனைகள் எதிர்விடையே தந்தன. ஆகவே நொதியம் புரதமன்று என்று அவர் முடிவுசெய்தார். உலகம் அவர் சொல்லை நம்பிற்று. உண்மையிலே அக்கரைசல்களிற் புரதம் இருந்தது. அக்காலச் சோதனைகள் உணரமுடியாத சிற்றளவில் இருந்தது. சோதனை உணராததை இல்லையென்று கொண்டதே தவறு.

அத்தவற்றைத் திருத்தியவர் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் சம்னர். பதினேழு வயதில் வேட்டையின்போது நேர்ந்த விபத்திலே அவர் இடக்கையை இழந்தார். அதற்குமுன் அவர் இடக்கைப் பழக்கமுடையவர். மற்றக் கையைப் பழக்கியே இரசாயனம் கற்றார். 1917இலே அவர் எடுத்துக்கொண்டது மதுவமன்று. எமது வாளவரைக்கு இனமான ஓர் அவரை விதையில் நிறைந்திருக்கும் யூரியேசு என்னும் நொதியம். ஆய்வுகூடத்திற் குளிர்ப்பெட்டி இல்லாமையால், கரைசல்களைச் சாளரத்தின் வெளிவிளிம்பில் வைத்துக் குளிர் இரவுகளுக்காகக் காத்திருந்தாராம். ஒன்பது ஆண்டுகளின் பின், 1926இல், நீர் கலந்த அசற்றோனைக் கொண்டு அவர் பெற்ற கரைசலிலே நுண்ணிய பளிங்குகள் தோன்றின. அவை புரதம், அவையே நொதியமும்.

வில்ஸ்ரற்றரின் வழிநின்றோர் பல ஆண்டுகள் இதனை ஏற்க மறுத்தனர். 1930இல் நோத்றப் என்பவர் இரைப்பையின் பெப்சினையும் பளிங்காக்கியபின்னரே எதிர்ப்புத் தளர்ந்தது. 1946இல் சம்னரும் நோத்றப்பும் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். இங்கே வில்ஸ்ரற்றரை இகழ்வது என் கருத்தன்று. யூதர்மேற் காட்டப்பட்ட வெறுப்பைக் கண்டித்து 1924இல் மியூனிக் பேராசிரியர் பதவியைத் துறந்த மானமுள்ள பெரியார் அவர். 1939இல் நாட்டைவிட்டு வெளியேறிச் சுவிற்சர்லாந்திலே 1942இற் காலமானார். உயர்ந்தோரும் ஒரு பொருளிற் தவறலாம் என்பதும், அவர் தவறினார் என்பதனால் அவர் உயர்வு குன்றாது என்பதும் ஒருங்கே நினைவிற் கொள்ளத்தக்கன.

மஞ்சள் நொதியம்

மீண்டும் மதுவத்துக்கு வருவோம். பேர்லினின் புறநகராகிய டாலெமிலே ஒற்றோ வார்பேர்க் என்பவரும் அவருடன் உழைத்த கிறிஸ்ரியனும் 1932இலே மதுவச் சாற்றிலிருந்து மஞ்சள்நிற நொதியமொன்றைப் பெற்றனர். கலத்தினுள்ளே ஒட்சியேற்றத் தொழிலில் ஈடுபடத்தக்கது அது. அடுத்த ஆண்டு சுவீடனிலிருந்து ஹியூகோ தியொறெல் என்னும் இளம் மருத்துவர் அங்கு வந்தார். சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் பாதிக்கப்பட்ட அவர், ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்டிருந்தார்.

அவர் செய்த வேலை இரு பகுதியானது. முதலாவது, தூய்மையாக்கல். கரைசலை மின்புலத்தில் வைத்தால் வெவ்வேறு புரதங்கள் வெவ்வேறு வேகத்தில் நகரும். அவ்வழியால் அவர் மஞ்சட் புரதத்தை ஏனையவற்றினின்றும் பிரித்தார். இரண்டாவது, அதனைக் கூறுபடுத்தல். தூய்மையான நொதியத்தை ஒரு மென்தோற் பையிலிட்டுக் குளிரில் ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் அமிழ்த்தினார். மஞ்சள்நிறம் பையைவிட்டு வெளியேறிற்று. உள்ளே எஞ்சியது நிறமற்ற புரதம், அதற்குச் செயலில்லை. வெளியேறிய மஞ்சளுக்கும் தனித்து நொதியத்தின் செயலில்லை. அமிலத்தை நீக்கி இரண்டையும் சேர்த்தார். நிறமற்ற புரதம் மஞ்சளை ஏற்றது, செயலும் மீண்டது.

ஹார்டன் சாற்றளவிற் கண்டதைத் தியொறெல் தனியொரு தூய பொருளிலே 1934இற் கண்டார். வெளியேறிய மஞ்சட்பொருள் யாது? அது பொசுபேற்றோடு இணைந்த றைபோபிளேவின். அதாவது பாலிலும் முட்டையிலும் ஈரலிலும் உள்ள விற்றமின் பீ-2 என்பதன் உருமாற்றம். விற்றமின் உடலுக்கு ஏன் வேண்டும் என்ற நெடுநாள் வினாவுக்கு இது தெளிவான விடையொன்றைத் தந்தது. நாம் உண்ணும் இம்மியளவு விற்றமின், கலத்தினுள்ளே ஒரு நொதியத்தின் கருவியாக அமைகின்றது. 1955இல் தியொறெலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஹார்டனின் துணைநொதியத்திலும் இத்தகைய விற்றமின் ஒன்று மறைந்திருந்தது. நிக்கொற்றினிக் கமிலத்தின் வழிவந்த நிக்கொற்றினமைட்டே அது. 1937இல் அமெரிக்காவிலே எல்விகெம் என்பவர், நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயை நிக்கொற்றினிக் கமிலம் தீர்ப்பதைக் கண்டார். மனிதருக்கு அதே குறைபாட்டால் வரும் பெலாகிரா நோயும் அதனாற் தீர்ந்தது. சோளத்தையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த ஏழைகளை வாட்டிக் கொன்ற நோய் அது. மதுவச் சாற்றின் வடிநீரை ஆராய்ந்த வழியும், ஏழையின் நோய்க்கு மருந்து தேடிய வழியும் ஒரே பொருளிற் சந்தித்தன.

அதே 1937இல், வார்பேர்க்கின் ஆய்வுகூடத்திலே நெகெலைன், வுல்ப் என்னும் இருவர், நொதித்தலின் இறுதிப்படியைச் செய்து அற்ககோலை ஆக்கும் நொதியத்தை மதுவத்திலிருந்து பளிங்காகப் பெற்றனர். அற்ககோல் டீஐதரசனேசு என்பது அதன் பெயர். துணைநொதியமின்றி அதற்குச் செயலில்லை. அத்துணைநொதியம் ஐதரசனை ஏற்றநிலையில் 340 நனோமீற்றர் அலைநீளமுள்ள புறவூதா ஒளியை உறிஞ்சும். ஏற்காத நிலையில் உறிஞ்சாது. ஆகவே ஒளியை அளந்தே நொதியத்தின் வேகத்தை நொடிக்குநொடி அறியலாம். 1955இல் இந்நொதியத்தில் நாகம் என்னும் உலோகமும் உள்ளதெனத் தெரியவந்தது. புக்னர் ஒரு பொருளெனக் கருதிய சைமேசு, உண்மையிற் குளுக்கோசை அற்ககோலாக்கும் பன்னிரண்டு நொதியங்களின் கூட்டம் என்பதும் தெளிவாயிற்று. அம்மம்மாவின் "ஒரு சத்து" பன்னிரு சத்தாயிற்று.

நான் ஊற்றிவிட்ட நீர்

இவ்வரலாற்றை நூலிற் படித்துப் பரீட்சையில் எழுதியிருந்தேன். ஆனாற் கற்றிருக்கவில்லை என்பதைச் செய்முறை வகுப்பொன்றிலே உணர்ந்தேன். பாண் மதுவத்திலிருந்து ஒரு நொதியத்தைத் தூய்மையாக்குவது அன்றைய வேலை. பனிக்கட்டியில் வைத்த சாற்றிலே அமோனியஞ் சல்பேற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்தாற் புரதங்கள் வகைவகையாக வீழ்படியும். முதல் வீழ்படிவு திரண்டதும், வேண்டிய பொருள் அதுவே எனத் துணிந்து, மேலே நின்ற தெளிந்த நீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். சோதித்தபோது வீழ்படிவிற் செயலே இல்லை. நொதியம் முழுவதும் அத்தெளிநீரில் இருந்தது. அடுத்த படியிலேதான் அது வீழ்படிந்திருக்கும். மூன்று மணி நேரத்து உழைப்பு வடிகாலிற் போயிற்று. மேற்பார்வை செய்த உதவி விரிவுரையாளர் சினக்கவில்லை. "அளந்து பார்க்காமல் எதையும் ஊற்றக்கூடாது, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு விடுதியிற் படுத்திருந்தபோது இந்த நூறு ஆண்டுக் கதை வேறுவிதமாகத் தோன்றியது. கெட்டுப்போகின்றதென்று எறியாமற் குமிழியை நோக்கினார் புக்னர். கொதித்துச் செத்த சாற்றை எறியாமற் கலந்து பார்த்தார் ஹார்டன். வெளியேறிய மஞ்சளை எறியாது மீட்டுச் சேர்த்தார் தியொறெல். பிரித்தெடுக்கும் கலையில் வல்லவர்களாகிய இவர்கள், பிரித்து ஒதுக்கியதையும் மதித்து வைத்திருந்தமையாலேயே உண்மையைக் கண்டனர். தூய்மையாக்குதல் என்பது வேண்டாததை எறிவது மாத்திரமன்று; எறியுமுன் அது வேண்டாததுதானா என்று அளந்தறிவதுமாகும்.

இன்று வேலை எளிதாகிவிட்டது. மதுவத்தின் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 6000; அவற்றின் எழுத்துவரிசை முழுவதும் 1996இல் வெளியாயிற்று. அவற்றில் ஒன்றை எடுத்துப் பற்றீரியாவிற் புகுத்தி, புரதத்துக்கு ஒரு பிடியையும் பொருத்தி, நிக்கல் ஏற்றிய குழாயினூடே செலுத்தினால், சம்னருக்கு ஒன்பது ஆண்டு பிடித்த வகை வேலையை ஓரிரு நாட்களில் முடிக்கலாம். ஆயினும் விதி மாறவில்லை. எவ்வளவு புரதம், எவ்வளவு செயல் என்று ஒவ்வொரு படியிலும் அளந்தே ஆகவேண்டும். பிடி பொருத்தியதனாற் செயல் குன்றியதா, துணைநொதியம் வழியிற் கழுவுண்டதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

இதனை வாசிக்கும் பெரியோர் பலர், விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் முன்னோர் சொல்லை மதியாது போகின்றனர் என வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். லீபிக்கின் சொல்லையும் வில்ஸ்ரற்றரின் சொல்லையும் பின்வந்தோர் அளந்து பார்த்தது அவமதிப்பாலன்று. அவர்கள் கற்பித்த முறையைக்கொண்டே அவர்களை அளந்தனர். சக இளைஞருக்கும் ஒன்று சொல்லவேண்டும். பழையது என்ற காரணத்துக்காக ஒன்றை ஊற்றிவிடுவதும், பெரியவர் சொன்னார் என்ற காரணத்துக்காக ஒன்றை அளவாது ஏற்பதும் ஒரே சோம்பலின் இருமுகங்களாகும். அத்தெளிநீரை ஊற்றியவன் என்ற முறையில் இதனைக் கூற எனக்குச் சிறிது உரிமை உண்டு.

சென்ற விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது அம்மம்மா அப்பத்துக்கு மாக் கரைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தின் பெயரை இப்போது அறிவேன் என்று சொல்லி, பன்னிரண்டு நொதியங்களின் கதையையும் கூறினேன். பொறுமையாகக் கேட்டார். பின்னர், "அது சரி மோனை, பானையை மூடு, குளிர்காத்துப் பட்டால் மா பொங்காது" என்றார். வெப்பநிலை குறைந்தால் நொதியத்தின் வேகம் குறையும் என்பதை நான் எழுந்து சென்று மூடும்போதுதான் நினைத்துக்கொண்டேன்.